போச்சாது சொல்லத் தெரியாத செடி

நேற்று ஆய்வகத்தில் நாம் செடி வளர்த்த பழைய பெட்டியைக் கொண்டுபோக ஆட்கள் வருவதாக இருந்தது. பீரோவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, வெள்ளை பெயின்ட் உரிந்து, எந்நேரமும் முனகிக்கொண்டே நிற்குமே, அதேதான். குளிரூட்டி செத்துவிட்டது, உதிரி பாகம் இனி எங்கும் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். உள்ளே துடைத்துச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பதால் காலையிலேயே கையுறையும் ஸ்பிரிட் பாட்டிலுமாகப் போய்க் கதவைத் திறந்தேன். வாசனை மாறவே இல்லை. ஈர மண்ணும் சூடேறிய விளக்கும் கலந்த அந்த வாசனை. கதவின் உள்பக்கம், ரப்பர் விளிம்புக்குச் சற்று மேலே, உன் கண் உயரத்தில், ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது.

உன்னுடையதுதான். பெரிய சைஸ் வெல்வெட் பொட்டு அந்தக் கட்டடத்தில் வேறு யார் வைத்தார்கள்? உள்ளே தலையை விட்டுத் தட்டு அடுக்கினால் அந்த ஈரக் காற்றில் பொட்டு புருவத்துக்கு இறங்கிவிடும் என்று, வேலையைத் தொடங்குமுன் எடுத்துக் கதவில் ஒட்டுவாய். முடிந்ததும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாய். நம் ஊரில் குளியலறைக் கண்ணாடிக்கு எல்லாப் பெண்களும் செய்கிற காரியம்தான். என்றைக்கோ ஒருநாள் எடுக்க மறந்திருக்கிறாய். நான் புதுப் பெட்டிகளுக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. அதன்பின் எத்தனையோ மாணவர்கள் அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பார்கள், ஒருவரும் அதைச் சுரண்டிப் போடவில்லை. அதற்காகவே அவர்களுக்கெல்லாம் ஒருநாள் பீட்சா வாங்கிக் கொடுக்கலாம்.

நீ போய் ஒரு வருடம் நெருங்குகிறது. உன் கணவர் போன் பண்ணும்போதெல்லாம், "நல்லா இருக்கேண்ணா" என்று சொல்லிவைக்கிறேன். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவருமே வானிலைக்குத் தாவிவிடுகிறோம். உயிரோடு இருந்தபோது உன்னிடம் நான் நன்றி என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால், யாருக்கோ பேசுகிறேன் என்று திரும்பிப் பார்த்திருப்பாய். இப்போது திரும்பிப் பார்க்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பருவத்தில்தான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். நீ கோபிச்செட்டிபாளையம், நான் மேற்கு மாம்பலம். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், ஒரே அபார்ட்மென்ட் வளாகம். உனக்குக் கணவர் கூடவே இருந்தார். என்னவர் டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில், கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். அப்போது எனக்குக் கார் ஓட்ட வராது என்பதால் போக்கும் வரவும் உன் காரில். சேர்ந்த புதிதில் ஒருநாள் நாற்றுத் தட்டு ஒன்றைக் கைதவறித் தரையில் கவிழ்த்துவிட்டேன். நீ எட்டிப் பார்த்து, அமைதியாக, "போச்சாது" என்றாய்.

போச்சு, அது போச்சு, அவ்வளவுதான் என்று நீ தீர்ப்புச் சொல்வதாக நினைத்தேன். ப்ரொஃபசருக்கு என்ன பதில் சொல்வேன் என்று நான் புலம்ப, "அட, போச்சாதுங்கறேன்" என்று நீ இன்னும் அழுத்திச் சொல்ல, நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் உனக்கு விஷயம் விளங்கி, மண் சிந்திய தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாய். பரவாயில்லை, போகட்டும், விடு என்பதற்கு உங்கள் பக்கம் அதுதான் வார்த்தையாம். மெட்ராஸில் கேள்விப்பட்டதே இல்லை என்றேன். "பின்ன எப்படி அம்மிணி நீங்கெல்லாம் ஒருத்தர ஒருத்தர் தேத்திக்குவீங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டாய். தேற்றுவதாவது, எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு திட்டு சேர்த்துக் கொடுப்பார்கள் என்றேன்.

அன்றிலிருந்து நான் உனக்கு அம்மிணி. ப்ரொஃபசரிடம்கூட உனக்கு அந்த 'ங்க' போகாது. "எஸ்ங்க, ஓகேங்க" என்று நீ போனில் பேசுவதைக் கேட்டு, அது ஏதோ மரியாதைச் சொல் என்று புரிந்துகொண்டு, அந்த நெட்டை அமெரிக்கரும் உனக்கு "ஓகேங்க" என்று மின்னஞ்சல் எழுதினாரே! அதை அச்செடுத்து உன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாய்.

நாம் வளர்த்த செடி கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். விரல் நீளத்துக்கு மேல் பெரிய லட்சியம் இல்லாத செடி. அமெரிக்கா போய்க் கடுகுச் செடியா வளர்க்கிறாய் என்று என் அம்மா கடைசிவரை ஆறாமல் கேட்டாள். ஒரு தண்டு எப்போது நீள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் நம் கேள்வி. நிழல் விழுந்தால் செடிக்குள் ஆக்ஸின் என்ற ஹார்மோன் ஏறும், தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். இது எல்லோருக்கும் தெரியும். ஹார்மோன் தட்டும்போது எந்த மரபணு கதவைத் திறக்கும், எது தாழ் போட்டுக்கொண்டு இருக்கும் என்பதுதான் சிக்கல். அந்தத் தாழ், மரபணுவின் எழுத்தில் இல்லை. டிஎன்ஏ இழை சுற்றிக்கிடக்கும் புரத உருண்டைகளின்மேல் அங்கங்கே செல் வைக்கிற சின்னச் சின்ன வேதி அடையாளங்களில் இருக்கிறது. எழுத்து அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் ஏறும், இறங்கும். இதை நான் சொன்னால் கேட்பவர் கொட்டாவி விடுவார்.

நீ சொன்ன விதம் வேறு. கோயில் கேன்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரைத் தட்டோடு எதிரே உட்கார்ந்த ஆண்ட்டி, இருவரும் என்ன வேலை பண்ணுகிறோம் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ, "செடிக்குப் பொட்டு வெக்கிறோம் ஆண்ட்டி" என்றாய். ஆண்ட்டி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். சில ஜீன்களுக்கு நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் வாயை மூடிக்கொள்ளும், பொட்டை எடுத்தால் பேச ஆரம்பித்துவிடும், அந்தப் பொட்டை யார் வைக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறோம் என்று விளக்கினாய். ஆண்ட்டி கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் விடாமல் அரசியல் பேசிக்கொண்டிருந்த அங்கிளைக் காட்டி, "இவருக்கு ஒண்ணு கிடைக்குமாம்மா?" என்றார்.

அவர் இன்னொன்றும் கேட்டார், நினைவிருக்கிறதா? அம்மாவுக்கு வைத்த பொட்டு பிள்ளைக்கும் வருமா என்று. எல்லோரும் கேட்கிற கேள்வி, பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெருசாக்குகிற கேள்வி. நீ அதில் மட்டும் விளையாட மாட்டாய். விதை ஆகும்போது பெரும்பாலான பொட்டுகளைச் செடியே அழித்துவிடும், அபூர்வமாக ஒன்றிரண்டு தப்பும், அதற்குமேல் அடித்துச் சொல்ல முடியாது என்றாய். ஆண்ட்டிக்கு ஏமாற்றம். நீ மட்டும் இறங்கி வரவே இல்லை. இல்லாததைச் சொல்லாதே என்பதில் உனக்கிருந்த பிடிவாதம் எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

என் நிலைமை அப்படி. அந்த வருடக் கோடையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பு வேண்டுமென்றால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று ப்ரொஃபசர் நாசூக்காகச் சொல்லிவிட்டார். வேலை போனால் விசாவும் போகும். அப்புறம் ரவுண்ட் ராக் போய்க் கணவரின் டிபெண்டன்ட் விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாமல், அடுப்படி ஜன்னலில் புதினா வளர்க்க வேண்டியதுதான். என்னவர் நல்ல மனிதர். "வந்துடேன், சேர்ந்து இருக்கலாம்" என்று அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒருமுறை இந்த வேலையை விட்டால் திரும்ப ஏறவே முடியாது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். காரில் அதைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. பொட்டு வைக்கும் நொதி பழுதான ஒரு செடி வகை நம்மிடம் இருந்தது. அதையும் சாதாரணச் செடியையும் ஒரே தட்டில், குழிக்கு ஒரு வகையாக மாற்றி மாற்றி விதைத்தோம். குழிகளோடு இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் தட்டைப் பணியாரத் தட்டு என்றுதானே சொல்வோம். எந்தக் குழியில் எது என்று பேனாவால் மூடியில் எழுதினால் ஸ்பிரிட் துடைக்கும்போது அழிந்துவிடுகிறது. ஒட்டுகிற வண்ண லேபிள் தீர்ந்துவிட்டது, ஆர்டர் போட்டும் வந்து சேரவில்லை. நீ கைப்பையைத் திறந்து பொட்டு அட்டையை எடுத்தாய். "பொட்டு இல்லாத செடிக்கு நாமளாச்சும் வெச்சு வுடலாம்" என்று சொல்லி, பழுதான வகை இருந்த ஒவ்வொரு குழிக்கும் நேர் மேலே, மூடியில், ஒவ்வொரு பொட்டாக ஒட்டினாய். நான் பக்கத்தில் நின்று வரிசை சொன்னேன்.

நாற்றுகள் வளர்ந்தன. பழுதான வகை எல்லாம் மளமளவென்று நீண்டிருந்தது. சாதாரணச் செடி குட்டையாக அடக்கமாக உட்கார்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி ஒரு தட்டு போட்டோம், மறுபடியும் பொட்டு வைத்தோம், மறுபடியும் அதே ரிசல்ட். பொட்டு வைக்கத் தெரியாத செடி அடங்காமல் நீள்கிறது என்று ப்ரொஃபசர் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்து, வரப்போகும் மாநாட்டில் இதைத்தான் பேசப்போவதாகவும், என் நீட்டிப்புக்கு எழுதிவிடுவதாகவும் சொன்னார். நான் அன்று மாலையே ரவுண்ட் ராக்குக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். உன் வீட்டில் எனக்காக அரிசிம்பருப்புச் சாதம் பண்ணினாய்.

சில நாள் கழித்து மத்தியானம் நீ என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் கடைசித் தட்டு இருந்தது. ஈரப்பதத்தில் ஒரு பொட்டு, பசை விட்டுப்போய், மூடியின்மேல் நழுவி அடுத்த குழிக்கு வந்திருந்தது. அந்தக் குழியில் இருந்தது சாதாரணச் செடி. அதுவும் நெடுநெடுவென்று நீண்டிருந்தது.

"என்ற பொட்டுதான் அம்மிணி நெழல் போட்டிருக்குது," என்றாய். "ஜீனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எவ்வளவு அபத்தம் பார். விளக்கு மேலே. ஒவ்வொரு குழிக்கும் நேர் மேலே வெல்வெட் குடை. பழுதான வகைக்கு மட்டும். நிழலில் எந்தச் செடிதான் நீளாது? உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. இரண்டு தமிழச்சிகள் சேர்ந்தால்தான் நடக்கும். பொட்டு வியர்வையில் நழுவும் என்று தெரிந்தவள் கண்ணில் மட்டும்தான் அது பட்டும் இருக்கும்.

எனக்கு வந்த கோபம் உன்மேல்தான் வந்தது. யார் உன்னைப் பொட்டு ஒட்டச் சொன்னது என்று கேட்டேன். இப்போது ஏன் பார்த்தாய், மாநாடு முடிந்து, நீட்டிப்புக் கடிதம் கைக்கு வந்தபிறகு பார்த்திருக்கக் கூடாதா என்றும் கேட்டுவிட்டேன். நான் ஓயும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். பிறகு சொன்னாய்: "இத வெச்சு நீ இங்க இருந்தீன்னா, தெனமும் இந்தக் கதவத் தொறக்கறப்ப உனக்குத் திக்குனு இருக்கும். அப்படி இருக்க வேண்டாம். வா, நானே சொல்றேன்."

ப்ரொஃபசரிடம் நீதான் பேசினாய். பொட்டு என்னுடையது, ஒட்டியது நான், இவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றாய். வரிசை சொன்னது நான் என்று நான் குறுக்கே சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் உன் நெற்றியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி உன் நெற்றியைப் பார்த்தார். அது என்ன துணி என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மாநாட்டுப் பேச்சிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுவதாகவும், நீட்டிப்பைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த 'அப்புறம்' என்ன என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "போச்சாது" என்றாய். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தும் அன்று எனக்கு அது பழைய மாதிரிதான் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை பெட்டியில் இருந்த தட்டுகளையெல்லாம் குப்பைப் பைக்குள் போட ஆரம்பித்தேன். கடைசித் தட்டை எடுக்கும்போது நீ ஓடி வந்து கையைப் பிடித்தாய்.

"செத்த இரு. பொட்டு நழுவிப்போச்சே, அது முன்ன இருந்த குழியப் பாத்தியா?"

பார்க்கவில்லை. இருவருமே பொட்டு எங்கே போயிற்று என்று பார்த்தோமே தவிர, எங்கிருந்து போயிற்று என்று பார்க்கவில்லை. பொட்டு விலகிய குழியில் பழுதான வகை நாற்று இருந்தது. அதன்மேல் நிழல் போய் நாளாகிவிட்டது. முழு வெளிச்சம் விழுகிறது. இருந்தாலும் அது நின்றபாடில்லை. நிழலில் இருக்கிற தன் கூட்டாளிகளோடு போட்டி போட்டுக்கொண்டு நீண்டுகொண்டே இருந்தது.

நீ குனிந்து வெகுநேரம் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து, "அம்மிணி, இந்தச் செடிக்குப் போச்சாது சொல்லத் தெரியல" என்றாய்.

அவ்வளவுதான் நம் கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு நாம் எழுதிய பக்கங்களும் வரைந்த படங்களும் இந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கவுரைதான். நிழல் விழுந்தால் எல்லாச் செடியும் பதறும், நீளும். நிழல் விலகியதும் சாதாரணச் செடி, நீளச் சொன்ன மரபணுக்களுக்குத் திரும்ப ஒரு பொட்டு வைத்து, போதும் என்று அடக்கிவிடுகிறது. பழுதானதற்கு அந்தப் பொட்டு வைக்கத் தெரியாது. வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு நிழலுக்குப் பயந்து நீண்டுகொண்டிருக்கும்.

ஒரு நாற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நீயே உடனே சொன்னாய். சரியாகச் செய்வோம் என்றாய். எல்லாக் குழிக்கும், இரண்டு வகைக்கும், பொட்டு. பிறகு எல்லாப் பொட்டையும் ஒரே நாளில் எடுப்பது. யார் எந்தக் குழி என்று தெரியாமல் அளப்பது. லேபிள் இன்னும் வரவில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் இருந்த கடையில் போய் மெரூன் பொட்டு அட்டை இருந்த அத்தனையும் எடுத்தோம். கல்லாவில் இருந்த குஜராத்தி அம்மாள், வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். நீ கொஞ்சமும் தயங்காமல் ஆமாம் என்றாய். அந்த நாட்களில் தட்டு முழுக்கப் பொட்டு வைத்து நிற்பதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் கும்பிடத் தோன்றும்.

நீ உன் சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்தாய். அதை நான் அப்போது முழுதாகக் கவனிக்கவில்லை. உன் ஒப்பந்தத்துக்கும் முடிவு என்று ஒன்று இருந்தது. நான் அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "மேல போகாத, இருக்கறத மட்டும் சொல்லு" என்பாய். பொட்டு எடுத்தபின் சாதாரண நாற்றுகள் ஒவ்வொன்றாக நிதானத்துக்கு வந்தன. பழுதானவை நிற்கவில்லை. மறுபடியும் செய்தோம், நிற்கவில்லை. அப்புறம் லேபிள் வந்தது, அதை வைத்தும் செய்தோம், நிற்கவில்லை. ப்ரொஃபசர் தட்டுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது என்னிடம், நீட்டிப்புக்கு எழுதிவிடுகிறேன் என்றார். உன்னிடம் "ஓகேங்க" என்றார்.

கட்டுரையில் பொட்டு என்று எழுத விட மாட்டார்கள். 'ஒளி புகாத ஒட்டும் வட்டுகள்' என்று எழுதினோம். அதைப் படிக்கும்போதெல்லாம் நீ நெற்றியைத் தொட்டு, "என்ற ஒளி புகாத வட்டு எங்க போச்சு" என்பாய். என் பெயரை முதலில் போடச் சொன்னதும் நீதான். நான் மறுத்தபோது, "உனக்குத்தான் டெக்ஸாஸ் வெயில் ஒத்துக்காது" என்றாய்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தக் குழியிலிருந்து வந்தது. நீட்டிப்பு வந்தது, பிறகு நிரந்தர வேலை வந்தது, என்னவர் வீட்டிலிருந்தே வேலை பண்ண அனுமதி வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்கே வந்துவிட்டார், மகள் பிறந்தாள். இப்போது எனக்கென்று ஒரு சின்ன ஆய்வகம் இருக்கிறது. அதன் பெட்டிகளைத் தினமும் திறக்கிறேன். ஒருநாளும் எனக்குத் திக்கென்று இருந்ததில்லை. நீ எனக்குக் கொடுத்ததில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். வேலை எப்படியாவது கிடைத்திருக்கலாம், இந்த நிம்மதி கிடைத்திருக்காது.

உன் கணவருக்கு வேலை மாறி நீங்கள் கலிஃபோர்னியாவில் லிவர்மோர் போனீர்கள். மலைகளைத் தாண்டி அத்தனை தூரம் கார் ஓட்டிப் போய் ஒரு விதைக் கம்பெனியில் தக்காளிச் செடிகளோடு மல்லுக்கட்டினாய். காரில் இருந்துதான் போன் பண்ணுவாய். டிராஃபிக் நிற்கும்போதெல்லாம் என் கவலைகளை ஒவ்வொன்றாகக் கேட்பாய். மகளுக்கு டேகேர் கிடைக்கவில்லை, கிரீன் கார்டு இழுக்கிறது, கட்டுரையைப் பற்றி ரெவ்யூவர் கண்டபடி எழுதியிருக்கிறார். தீர்ந்துபோன விஷயத்தையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டு புலம்பினால், "நீயும் அந்தச் செடிதான்டி அம்மிணி, நெழல் போயி எத்தன நாளாச்சு" என்று சிரிப்பாய்.

நோய் வந்ததையும் காரிலிருந்துதான் சொன்னாய். நான் பிளேனைப் பிடித்து வந்தபோது உன் தலையில் முடி இல்லை. நெற்றியில் பழையதைவிடப் பெரிய பொட்டு வைத்திருந்தாய். "மேல காலியா இருக்குது, கீழயாச்சும் நெறைவா இருக்கட்டும்" என்றாய். மறுநாள் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் இருந்த ரோஜாச் செடிக்கு முன்னால் நின்று, யாரோ தப்பாகக் கிளை வெட்டியிருக்கிறார்கள் என்று திட்டினாய். நான் உன்னிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீயே சொன்னாய், இருக்குது என்று. இல்லாததைச் சொல்லாதவள், இருப்பதையும் மறைக்க மாட்டாய் அல்லவா? உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வார்த்தையை உனக்கே திருப்பிச் சொல்ல அன்று மனம் வரவில்லை.

நீ போனபிறகு, உன்னைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால்கூட எனக்குக் கோபம்தான் வந்தது. டிராஃபிக்கில் நிற்கும்போது போனைப் பார்ப்பேன். ஒரு வருடமாக நான் பொட்டு விலகிய அந்தக் குழியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்றைக்கு வருகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் மெதுவாக அந்தப் பொட்டை எடுத்தேன். பசை காய்ந்து தூளாகியிருந்தது. எதில் வைப்பது என்று தெரியாமல் போனின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டேன். ஆட்கள் வந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் வாசல் படியில் இடித்து அது கடைசியாக ஒருமுறை முனகியது. நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திப் போனை எடுத்துப் பார்த்தால் பொட்டு இல்லை.

சீட்டுக்கு அடியில் தேடினேன், மிதியடியை உதறினேன், பையைக் கவிழ்த்தேன். டிரைவ்வேயில் முட்டி போட்டுக்கொண்டு தேடினேன். அத்தனை வருடம் ஈரத்திலும் சூட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரே மத்தியானத்தில் தொலைத்துவிட்டேனே என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. உன் சாவுச் செய்தி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய மகள் புத்தகப் பையோடு அப்படியே நின்று பார்த்தாள். என்ன தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் எதையும் ஆங்கிலத்தில்தான் கேட்பாள், நான் தமிழில் சொன்னதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும், உனக்குத் தெரியுமே. பொட்டு என்றேன். யாருடையது என்றும் சொன்னேன். அவளும் பையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டுத் தேடினாள். புல்லைக்கூட விலக்கிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

பிறகு என் முதுகில் கை வைத்து, "போச்சாது, அம்மா" என்றாள்.

அவள் நாக்கில் அந்தத் 'து' கொஞ்சம் 'டு'வாகத்தான் வந்தது. நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். அவள் கோபிப் பக்கம் போனதே இல்லை. உன்னைப் பார்த்ததே ஒருமுறைதான், அதுவும் கைக்குழந்தையாக. என் வீட்டிலும் அவள் அப்பா வீட்டிலும் ஏழு தலைமுறைக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். நான் கேட்டதே விசித்திரம் என்பதுபோலத் தோளைக் குலுக்கினாள். சைக்கிளிலிருந்து விழுந்தால், பால் கொட்டினால், டெஸ்ட்டில் மார்க் குறைந்தால், நான் அவளிடம் எப்போதும் அதைத்தானே சொல்கிறேன் என்றாள். நான் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தேன். இருவரும் உள்ளே போனோம். அவளுக்கு அரிசிம்பருப்புச் சாதம் பண்ணிப் போட்டேன், நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயத்தில். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

விதை ஆகும்போது பெரும்பாலான பொட்டுகளைச் செடியே அழித்துவிடும் என்பாய். மேலே போகாமல், இருக்கிறதை மட்டும் சொல்கிறேன்: ஒன்று தப்பியிருக்கிறது.